நுளம்பு பிடிக்கப் போன இடத்தில் ஒரு கலைக்கூடம்

போன மாதம் ஒரு சோலியா எங்கட பழைய கந்தோருக்குப் போனனான். அங்க இப்ப வேலை செய்யிற பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பொடியங்கள் முத்தத்தில நிண்டு, ஒரு பறக்கிற கமராவை மேல ஏவிக்கொண்டிருந்தாங்கள். "சேர், இனிக் கூரைப் பீலிக்குள்ள தண்ணி நிக்குதோ எண்டு பார்க்க ஏணி தேவையில்லை" எண்டான் ஒருத்தன்.

"நல்லது மோனை. உது வீட்டுக்காரியிட்டத் தேத்தண்ணி வாங்கிக் குடிக்குமோ?" எண்டு கேட்டன்.

எல்லாரும் சிரிச்சாங்கள். நான் பகிடிக்குக் கேக்கேல்லை. எங்கட உத்தியோகத்தில பாதி விஷயம் தேத்தண்ணி குடிக்கேக்கதான் வெளியில வரும். "பின்வளவில ஒரு பழைய தொட்டி கிடக்கு, அதை நீங்கள் பார்க்கத் தேவையில்லை" எண்டு வீட்டுக்காரி தானாகவே சொல்லுவா. பிறகென்ன, எழும்பி நேர அங்கதான் போறது. கமராவுக்கு ஆர் அப்பிடிச் சொல்லப்போகினம்?

"அப்ப உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன் சேர்" எண்டாங்கள். எழுதுறன். ஆனா ஒரு சொல்லும் வெட்டக்கூடாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிசா ஒண்டுமில்லை. மலசலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம் வேணும், பழுதான மீனின்ர செவுள் என்ன நிறம், இறைச்சிக் கடைக்காரன் எந்தப் பக்கத்தை மறைச்சுக்கொண்டு நிப்பான், இதுதான் படிப்பு. படிச்சு முடிஞ்சு கனகாலத்துக்கு எனக்கு ஒரு கடையிலயும் வாய் வைக்க மனம் வரேல்லை. என்ர மனுசி அந்தக் காலத்தைத்தான் இப்பவும் மெச்சுவா.

என்னை ஆளாக்கினது எங்கட சுகாதார வைத்திய அதிகாரி. டொக்டர் அம்மா எண்டுதான் சொல்லுவம். மெலிஞ்ச மனுசி, சீலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, றப்பர்ச் செருப்போட சேத்துக்குள்ள எங்களுக்கு முன்னால நடப்பா. சத்தம் போட்டதை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆர் என்ன சொன்னாலும் "ஓம், பிறகு?" எண்டு மட்டும் கேப்பா. அதைவிட அடிக்கலாம். ஒருக்கா எங்கட எழுதுவினைஞர் லீவு கேட்டுப் போனவர். "சித்தப்பா மோசம் போயிட்டார் அம்மா." "ஓம், பிறகு?" "நாளைக்கு எடுக்கினம்." "ஓம், பிறகு?" மனுசனுக்கு வேர்த்துப்போச்சு. "பின்னேரம் கிரிக்கெட் மட்ச் அம்மா" எண்டு தானாகவே ஒத்துக்கொண்டார்.

டெங்குப் பரிசோதனைக்கு அவா ஒரு ஒழுங்கு வைச்சிருந்தவா. முதல் மேல பார். பிறகு கீழ பார். கடைசியா ஆளின்ர முகத்தைப் பார். தண்ணி நிக்கிற பாத்திரம் கண்டால் அதைத் தட்டி ஊத்திப்போட்டு வரக்கூடாது. அகப்பையால அள்ளி வெள்ளைக் கோப்பையில விட்டு, வெளிச்சத்தில பிடிச்சு, குடம்பி நெளியிறதை வீட்டுக்காரரின்ர கண்ணாலயே பார்க்கப்பண்ண வேணும். "நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவினம். புழு நெளிஞ்சால் வெக்கப்படுவினம்" எண்டு சொல்லுவா. உண்மைதான், தன்ர வீட்டுக் குடம்பியைக் கண்ட மனுசர் வாய் திறந்து நான் பார்க்கேல்லை.

இனி விஷயத்துக்கு வாறன். நான் ஓய்வு பெற முந்தி வந்த மாரியில, புளியங்குளத்துக்கு உள்ளால போற ஒரு ஒழுங்கையில ஒண்டுக்குப் பின்னால ஒண்டாக் காய்ச்சல்காரர். இரத்தம் பார்த்தால் டெங்கு. நான் வீடு வீடா ஏறி இறங்கிறன், ஒரு சிரட்டையும் தண்ணியோட இல்லை. அப்பிடித் துப்புரவு.

அந்த ஒழுங்கையில பரமேஸ்வரி எண்டு ஒரு மனுசி. வாய் எண்டால் அப்பிடி ஒரு வாய். நாலு வளவுக்கு அங்கால நிண்டு கூப்பிட்டாலும் கேக்கும். அவாதான் தேத்தண்ணியைத் தந்துபோட்டுச் சொன்னவா, "எங்களை ஏன் ஐயா உருட்டுறியள்? அந்தப் பழைய அரிசி மில்லைப் போய்ப் பாருங்கோ. அங்க ஒரு விசரன் இலவசம் எண்டு போர்ட் போட்டுச் சனத்தை ஏமாத்துறான்."

"என்ன இலவசம்?"

"அதைத்தான் நாங்களும் கேட்டனாங்கள்!"

மில்லு ஒழுங்கையின்ர அந்தத்தில இருந்தது. முதலாளி பிள்ளையளோட வெளிநாடு போய் வருசக்கணக்கு. வாசலில ஒரு பலகை, நல்ல வடிவான எழுத்தில "கலைக்கூடம். அனுமதி இலவசம். கை படக்கூடாது." கதவு சும்மா சாத்தியிருந்தது. கூப்பிட்டன், ஒருத்தரும் இல்லை. உள்ள கும்மிருட்டு. ரோச்சை அடிச்சன். நேர எனக்கு முன்னால ஒரு வயது போன மனுசி நிண்டு என்னைப் பார்க்கிறா.

"வணக்கம் அம்மா, நான் சுகாதாரப் பகுதியில இருந்து வந்திருக்கிறன்" எண்டன்.

மனுசி பேசேல்லை. காது கேளாதாக்கும் எண்டு நினைச்சு, "டெங்கு அம்மா, டெங்கு! தண்ணி தேங்கி நிக்குதோ?" எண்டு கத்தினன். அப்பவும் அசையேல்லை. எனக்குப் பின்னால ஒரு குரல், "அது படங்கய்யா" எண்டுது.

திரும்பிப் பார்த்தால் சாரத்தை மடிச்சுக் கட்டின ஒரு ஆள், வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறார். அவர்தான் மாரிமுத்து அண்ணை. அந்த மில்லின்ர பழைய லொறிச் சாரதி. சின்ன வயதில தேயிலைத் தோட்டத்தில இருந்து தாய் தகப்பனோட வன்னிக்கு வந்தவர். முதலாளி போகேக்க லொறியை அவருக்கு வித்துப்போட்டு, "மில்லைப் பார்த்துக்கொள்" எண்டு சாவியையும் குடுத்திட்டுப் போனவராம்.

யன்னல்களைத் திறந்துவிட்டார். அட கோதாரி! நெல்லு மூட்டை அடுக்கிற சுவர் முழுக்கப் படம். கடல், சந்தை, கறுப்புக் காகக் கூட்டம், தலையில்லாத சைக்கிள்காரன், என்னெண்டே சொல்ல ஏலாத மண்ணிறப் பலகை ஒண்டு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையா, நான் நுளம்பு பிடிக்கப் போக இது புறப்பட்டிருக்கு.

"உதெல்லாம் ஆர் கீறினது?"

"கொழும்புக்கு அரிசி ஏத்திட்டுப் போவேங்க. அங்க ரோட்டுக் கரையில படம் படிக்கிற புள்ளைங்க தொங்கவிட்டிருப்பாங்க. திரும்பி வர்றப்ப லொறி சும்மாதானங்க வரும்" எண்டார்.

அந்தக் கிழவியின்ர படம்தான் முதல் வாங்கினதாம். அதைப் பார்த்திட்டு நடு ரோட்டில லொறியை நிப்பாட்டி, பொலிஸ்காரனிட்டப் பேச்சும் வாங்கினாராம். "ஏன் வாங்கினேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. ஆனா மத்ததெல்லாம் போனாலும் இது மட்டும் போகக்கூடாதுங்க."

"சனம் வந்து பார்க்கிறதோ?" எண்டு கேட்டன். மனுசன்ர முகம் சுருங்கிப்போச்சு.

ஒருநாள் வந்ததாம், ஒரு கூட்டமே. "இலவசம்" எண்ட பலகையைக் கண்ட சனம், ஆரோ ஏதோ குடுக்கினமாக்கும் எண்டு, அடையாள அட்டைப் போட்டோக்கொப்பியும் பையும் கொண்டு விடியவே வந்து வரிசையில நிண்டிருக்கு. பாவம், எத்தினை வருசம் நிவாரண வரிசையில நிண்டு பழகின சனம். மாரிமுத்து அண்ணைக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஒவ்வொரு படமாக் காட்டி, எங்க வாங்கினது, எப்ப வாங்கினது எண்டு சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். சனமும் மரியாதையாத் தலையாட்டிக்கொண்டு பின்னால போயிருக்கு. எந்தக் கூட்டத்திலயும் முதல் பேச்சு, பிறகுதானே சாமான்? கடைசிப் படமும் முடிய, முன்னுக்கு நிண்ட பரமேஸ்வரி பையை விரிச்சுக்கொண்டு கேட்டிருக்கிறா, "சரி அண்ணை, எங்க தாறது?"

"பார்க்கிறதுதாங்க இலவசம்" எண்டாராம் இவர். அண்டைக்கு அந்த மனுசி பேசின பேச்சு வவுனியா வரைக்கும் கேட்டிருக்கும்.

எனக்குச் சிரிப்பை அடக்க ஏலேல்லை. சிரிச்சுக்கொண்டே மேல பார்த்தன். கூரைச் சீற் முழுக்க ஓட்டை. கீழ பார்த்தன். சிரிப்பு நிண்டுட்டுது. ஒவ்வொரு ஓட்டைக்கும் நேர கீழ ஒரு வாளி, சட்டி, கிடாரம், பெயின்ற் பேணி. மழைத்தண்ணி தெறிச்சுப் படத்தில படக்கூடாதெண்டு அண்ணை வைச்சது. லொறியை ஹயருக்குக் கொண்டு போனால் கிழமைக்கணக்கில வரமாட்டார், தண்ணி அப்பிடியே நிக்கும். வெள்ளைக் கோப்பையில அள்ளி வெளிச்சத்தில பிடிச்சன். குடம்பி கோயில் திருவிழா மாதிரி நெளியுது.

காட்டினன். மாரிமுத்து அண்ணை பார்த்தார். "நம்மளாலயாங்க இந்த ஒழுங்கைப் புள்ளைங்களுக்கெல்லாம் காய்ச்சல்?" எண்டு கேட்டிட்டு அப்பிடியே குந்திட்டார்.

எச்சரிக்கை குடுத்திட்டு வந்தன். திரும்பிப் போக, வாளியளைக் கவிட்டு வைச்சிருந்தார். ஆனா ரெண்டு படத்தின்ர அடிப்பக்கம் நனைஞ்சு ஊதிப்போச்சு. அடுத்த முறை போகேக்க வாளியள் திரும்ப நிமிந்திட்டுது, குடம்பியும் வந்திட்டுது. சட்டப்படி வழக்குப் போடவேணும். எனக்கு மனம் கேக்கேல்லை, டொக்டர் அம்மாவிட்டச் சொன்னன்.

"ஓம், பிறகு?" எண்டவா.

"பிறகு நீங்கள்தான் வரவேணும் அம்மா."

வந்தவா. வாசலில செருப்பைக் கழட்டினவா, அது எனக்குப் புதினம். மேல பார்த்தவா, கீழ பார்த்தவா. மாரிமுத்து அண்ணையின்ர முகத்தைப் பார்க்கத் திரும்பினவா, வழியில அந்தக் கிழவியின்ர படத்தில கண் மாட்டிக் கொஞ்ச நேரம் அங்கயே நிண்டுட்டா.

"தறப்பாள் போட்டு மூடேலாதோ?"

"மூடிப் பார்த்தேங்க. உள்ளுக்கு வேர்த்துப் பூஞ்சணம் புடிக்குது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம்னா என் வீட்டுக் கூரை இதவிட மோசம்."

"வாளி ஒண்டும் இருக்கக்கூடாது. நாளைக்கே எடுக்கவேணும்."

"படமெல்லாம் நனைஞ்சிருங்கம்மா."

"ஓம், பிறகு?"

"வீணாப் போயிருங்க."

"ஓம், பிறகு?"

"பிறகு நான் எதுக்குங்கம்மா?" எண்டார் அவர்.

அதுக்கு மட்டும் டொக்டர் அம்மா "ஓம், பிறகு" சொல்லேல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழட்டிச் சீலைத் தலைப்பால துடைச்சவா. என்னைப் பார்த்து, "இந்த ஒழுங்கையில மழைக்கு ஒழுகாத வீடு எத்தினை?" எண்டு கேட்டவா.

ஏறி இறங்கின எனக்குத் தெரியாதோ! "வீட்டுத்திட்ட வீடு எல்லாம் ஒழுகாது அம்மா."

"அப்ப வீட்டுக்கு ஒரு படம் குடுங்கோ. மாரி முடிய வாங்கலாம்."

மாரிமுத்து அண்ணை பிள்ளையை விடுதியில விடப்போற தாய் மாதிரி முழிச்சார். ஆனாலும் தலையாட்டினார்.

கிராம சேவகர் விதானையாரைக் கொண்டு ஒழுங்கைக்குச் சொல்லுவிச்சம். இந்த முறையும் சனம் போட்டோக்கொப்பியோடதான் வந்தது. தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாது எண்டு சொல்லுவினம். எங்கட சனம் பல்லையும் பார்த்து வாலையும் தூக்கிப் பார்க்கும். "அவை ரெண்டே பேர், அவைக்கு இவ்வளவு பெரிசு. நாங்கள் ஆறு பேர், எங்களுக்குக் கையகலமோ?" எண்டு ஒருத்தர். "கலியாணம் கட்டின பிள்ளையளும் தனிக் குடும்பம்தானே, அவைக்கும் ஒண்டு பதியுங்கோ" எண்டு இன்னொருத்தர். கடல் படம் கிடைச்சவருக்கு மாடு வேணுமாம், மாடு கிடைச்சவ அந்த மாடு மெலிவாக் கிடக்கு எண்டு திருப்பிக் குடுக்க வந்தவா. மாரிமுத்து அண்ணை எல்லாற்ற பின்னாலயும் ஓடி ஓடி, "கை படக்கூடாதுங்க, ஓரத்தில புடிங்க" எண்டு மண்டாடினார்.

பரமேஸ்வரிக்கு விழுந்தது அந்த மண்ணிறப் பலகை. "இதென்ன ஐயா? பெயின்ற் காய வைச்ச பலகையை என்ர தலையில கட்டுறியளோ? மாத்தித் தாங்கோ!" எண்டு நிண்டா. ஒருத்தரும் மாத்தேல்லை. கிழவியின்ர படத்தை, உள்ளதுக்குள்ள நல்ல வீடு எண்டு, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வீட்டில தன்ர கையாலயே கொண்டுபோய் மாட்டினார் அண்ணை. மாட்டிப்போட்டு மனேச்சற்ற மனுசியிட்ட, "வெயில் படாமப் பார்த்துக்குங்கம்மா" எண்டு மூண்டு தரம் சொன்னார்.

வாளியள் போச்சு. காய்ச்சலும் போச்சு. அந்த மாரி முழுக்க நான் பரிசோதனைக்குப் போற வீடுகளில, முதல் மேல பார்க்கிறதோ கீழ பார்க்கிறதோ எண்டு தெரியாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டனான்.

மாரி முடிய மாரிமுத்து அண்ணை லொறிக்குள்ள பாய் விரிச்சுக்கொண்டு வந்திட்டார். மில்லுக்குப் புதுக் கூரைச் சீற்றும் சேத்து வைச்சிட்டாராம். "அய்யா, நீங்களும் கூட வாங்க. நீங்க வந்தா பயப்படுவாங்க." போனன்.

முதல் வீட்டில தேத்தண்ணி. பிறகு, "காகப் படத்தைத் தரலாம் அண்ணை, ஆனா சின்னவன் அதை எண்ணித்தான் கணக்குப் பழகிறான், சோதினை முடியட்டுமே." ரெண்டாவது வீட்டில தேத்தண்ணி. அங்க படத்துக்குப் பின்னால சுவர் வெடிச்சுப்போச்சாம், எடுத்தால் பெண் பார்க்க வாற ஆக்கள் வெடிப்பைக் காண்பினமாம். மூண்டாவது வீட்டில தலையில்லாத சைக்கிள்காரனுக்கு ஒரு பெயரே வைச்சிட்டினம். தங்கட மாமாவாம், கடன் வாங்கின ஆக்களைக் கண்டால் அப்பிடித்தான் தலையைக் குனிவாராம். அண்ணை எல்லாத்துக்கும் தலையாட்டினார். வெளியில வந்து, "எனக்கே விளக்கம் சொல்றாங்கய்யா" எண்டார். கோவமோ சந்தோசமோ எண்டு எனக்கு விளங்கேல்லை. வயித்துக்குள்ள தேத்தண்ணி குலுங்கினது மட்டும் விளங்கினது.

"சரி, எல்லாம் இருக்கட்டும். அந்தக் கெழவியம்மா படத்த மட்டும் எடுத்துக்குவோம்" எண்டு மனேச்சர் வீட்டுக்கு விட்டார் லொறியை.

அங்க சுவரில மண்ணிறப் பலகை தொங்குது. அண்ணை அதுக்குப் பின்னாலயும் ஒருக்கா எட்டிப் பார்த்தார். மனேச்சற்ற மனுசி கையைப் பிசைஞ்சுகொண்டு சொன்னவா, "குறை நினையாதேங்கோ. எனக்குச் சீனி வருத்தம். தேத்தண்ணிக்குச் சீனி போடேக்கெல்லாம் அந்தக் கிழவி என்னையே பார்க்கிறா. நிம்மதியா ஒரு கரண்டி போட ஏலேல்லை. அதுதான் பரமேஸ்வரியோட மாத்தினனான். இது யன்னல் கேட்டின் துணியின்ர நிறத்துக்கும் பொருந்துது."

அண்ணை திரும்பி வெளியில இறங்கினார். லொறிக்குக்கூடப் போகாமல் நடந்தே போனார். நான் பின்னால ஓடினன். பரமேஸ்வரியின்ர வாயும் இவற்ற கோவமும் சந்திச்சால் என்ன நடக்குமெண்டு எனக்குப் பயம்.

வாசலில பரமேஸ்வரி நிண்டவா. எங்களைக் கண்டதும் அந்த வாய் மூடிப்போச்சு. அவா அப்பிடி நிண்டதை நான் முதல் தரம் பார்க்கிறன். வழியை விட்டு விலகினவா.

உள்ளுக்கு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில கிழவியின்ர படம். மேல செவ்வரத்தம்பூ மாலை. கீழ விளக்கு. நெத்தியில, கீறின பெயின்றுக்கு மேலயே, விரலால வைச்ச சந்தனப் பொட்டு. போச்சு, இனி மனுசன் துள்ளப்போறான் எண்டு நான் கண்ணை மூடிக்கொண்டன்.

சத்தம் வரேல்லை. பரமேஸ்வரிதான் கதைச்சவா, மெல்லமா. "இடம்பெயரேக்க அல்பம் எல்லாம் அங்கயே விட்டிட்டு வந்தனாங்கள் அண்ணை. அம்மாவும் அந்த வருசம்தான் போனவா. ஒரு படமும் இல்லை. திவசத்துக்கு இத்தினை வருசமும் வெறும் விளக்கை வைச்சுத்தான் படைக்கிறனான். அம்மாவின்ர முகம் இப்பிடியில்லை. அம்மா நல்ல கறுப்பு, மூக்கும் வேற. ஆனா, பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பினமே, அந்தப் பார்வை இதுதான்."

மாரிமுத்து அண்ணை படத்தைப் பார்த்தார். "ஆமாங்க. அதுதாங்க. எனக்குச் சொல்லத் தெரியல" எண்டார்.

பரமேஸ்வரி மாலையைக் கழட்டக் கையைத் தூக்கினவா. "உங்கட பொருள் அண்ணை. கொண்டு போங்கோ."

"விடுங்க. உங்கம்மா பேரு என்னங்க?"

"அன்னப்பிள்ளை."

அவர் ரெண்டு கையையும் குவிச்சு, "அப்ப வர்றேங்க அன்னம்மா" எண்டு படத்துக்குச் சொல்லிப்போட்டு வெளியில வந்திட்டார். வெக்கம் என்ன, அழுதிட்டன்.

படலையடிக்கு வரேக்க பரமேஸ்வரிக்குத் திரும்ப வாய் வந்திட்டுது. ஒழுங்கை முழுக்கக் கேக்கக் கூப்பிட்டவா, "அண்ணை, வாற மாதம் திவசம். மறக்காமல் சாப்பிட வாங்கோ!"

"கட்டாயம் வர்றேங்க."

"திவசத்துக்குத்தான் வரோணும் எண்டில்லை. மனம் கேக்கிற நேரமெல்லாம் வந்து பார்த்திட்டுப் போங்கோ. நான் என்ன, காசோ கேக்கப்போறன்?"